சிறிய படகு, பெரிய பொறுப்பு

துறைமுகத்திற்கு வரும் பெரிய சரக்குக் கப்பலைக் கண்டு வியக்கிறோம். அதைக் கரைசேர்க்கும் இழுவைப் படகை யாரும் பாராட்டுவதில்லை. இது சரியன்று என்பது என் கருத்து.

முதலாவதாக, 400 மீட்டர் நீளமுள்ள கப்பல், வேகம் குறைந்ததும் சுக்கானுக்கு எளிதில் கட்டுப்படாது. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமே உள்ள இழுவைப் படகுகள்தாம் அதைத் தள்ளியும் இழுத்தும் துறையில் சேர்க்கின்றன.

இரண்டாவதாக, 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கியது. உலக வணிகமே பாதிப்படைந்தது. மணலைத் தோண்டிய பின், நீர்மட்டம் உயர்ந்தபோது இழுவைப் படகுகளே அதை மீட்டன.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இப்பணி இரவும் பகலும் நடைபெறுகிறது. இழுக்கும் கயிறு அறுந்தால் பணியாளரின் உயிருக்கே ஆபத்து. எனவே, உருவத்தை வைத்து உழைப்பை எடைபோடாமல், அவர்களையும் மதிப்போம். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிதன்றோ!