விலையை ஒட்டிவிட்டால் போதுமா?



மலேசியாவில் தனியார் கிளினிக்குகளும் பார்மசிகளும் மருந்து விலையை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற ஆணை 2025 மே 1 அன்று நடப்புக்கு வந்தது. அது எப்படி நடக்கிறது என்று பார்க்க எங்கள் தாமான் பெண்கள் சிலரும் நானும் செண்டாயான் வட்டாரத்தில் ஒரு சுற்று வந்தோம். ஒரு பார்மசியில் தட்டிலேயே விலை ஒட்டியிருந்தது. ஒரு கிளினிக்கில் கேட்ட பிறகு முகப்பில் இருந்த பிள்ளை கோப்பை எடுத்து நீட்டினாள். ரத்தக் கொதிப்புக்கு எழுதித் தரும் சாதாரண அம்லோடிபின் மாத்திரைதான். ஓரிடத்து விலை இன்னோர் இடத்தில் இரண்டு மடங்கு. இதில் சட்டத்தை மீறியவர் யாரும் இல்லை. என் புகாரே அதுதான். விலையைக் காட்டு என்கிறது சட்டம். எவ்வளவு வைக்கலாம் என்று சொல்லவில்லை.

அப்படிச் சொல்லும் எண்ணம் அரசுக்கு ஒரு காலத்தில் இருந்தது. 2019 மே மாதம் அன்றைய சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ டாக்டர் சுல்கிப்ளி அஹ்மாட் காலத்தில், மருந்துகளின் மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உச்சவரம்பு வைக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. மற்ற நாடுகளில் அதே மருந்து என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து வரம்பு வைப்பது திட்டம். ஆட்சிகள் மாறின, திட்டம் கிடப்பில் போனது. அதே டாக்டர் சுல்கிப்ளி மீண்டும் அமைச்சரானபோது நமக்குக் கிடைத்தது விலைச் சீட்டு மட்டுமே.

மருந்தில் லாபம் ஏற்றுவது இன்று நேற்று தெரிந்த சங்கதி அல்ல. உலக சுகாதார நிறுவனமும் எச்ஏஐ என்ற பயனீட்டாளர் அமைப்பும் சேர்ந்து வகுத்த முறைப்படி 2004-இல் இந்நாட்டில் மருந்து விலை ஆய்வு நடந்தது. 2007-இல் அது வெளியானது. அதன்படி, காப்புரிமை முடிந்த மலிவு மருந்துகளுக்குப் பார்மசிகள் 100 முதல் 140 விழுக்காடு வரை லாபம் ஏற்றின. சொந்தமாக மருந்து கொடுக்கும் டாக்டர்கள் 316 விழுக்காடு வரை ஏற்றியதும் உண்டு. மலிவு மருந்தில்தான் லாபம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். ஏழைக்கு ஆக வேண்டிய மிச்சம் இடையிலேயே நின்றுவிடுகிறது.

விலை காட்டும் ஆணையை எதிர்த்து டாக்டர்கள் 2025 மே 6 அன்று புத்ராஜெயாவில் ஊர்வலம் போனார்கள். கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தங்களைக் கொண்டுவருவது அவமானம் என்றார்கள். அவர்கள் குறை முழுதும் பொய்யில்லை. தனியார் கிளினிக்கில் நோயாளியைப் பார்க்கும் கட்டணம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் 10 வெள்ளிக்கும் 35 வெள்ளிக்கும் இடையிலேயே நின்றிருந்தது. வாடகை, தாதி சம்பளம் எல்லாம் ஏறின, கட்டணம் ஏறவில்லை. அந்தப் பள்ளத்தை மாத்திரையில் நிரப்பினார்கள். டாக்டரின் உழைப்புக்கு நியாயமான கூலி கொடுங்கள், மாத்திரையில் கை வைக்காதீர்கள் என்பது என் கட்சி. இரண்டையும் ஒரே பில்லில் கலந்து கொடுப்பதால்தான் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரிவதில்லை.

எங்கள் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான், டெக்வேலி தொழிற்பேட்டை, விமானப் படைத் தளம் என்று பேசுகிறோம். சுற்றிலும் தோட்டமாக இருந்தபோது காய்ச்சல் என்றால் தோட்டத்து வைத்திய உதவியாளரான டிரஸரிடம் போவோம். பெரிய வைத்தியம் என்று சொல்லமாட்டேன். தலைவலிக்கும் வயிற்று வலிக்கும் ஒரே போத்தல் மருந்து என்று பெரியவர்கள் இன்றும் சிரிப்பார்கள். ஆனாலும் காசு கேட்டதில்லை. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் பார்ப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் இன்றும் சொல்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்பானதும் அந்தக் கடமைக்கு ஆள் இல்லை.

அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குப் பார்த்து மருந்தும் தருகிறார்களே என்பீர்கள். உண்மை, அது இந்நாட்டின் பெருமை. ஆனால் ஷிப்ட் வேலைக்காரர் காலை முழுதும் எண்ணுக்குக் காத்திருந்தால் அன்றைய சம்பளம் போச்சு. அடையாள அட்டை கிடைக்காமல் இன்றும் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டவர் கட்டணம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இனிப்பு நீர் நோய் இந்நாட்டில் இந்தியரிடையேதான் அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்கான மருந்தை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். பலரும் செய்வது என்ன? ஒரு மாத மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குகிறார்கள்.

அரசால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. 2003-இல் எய்ட்ஸ் மருந்தின் விலை எட்டாமல் போனபோது, 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவைப் பிடித்து, இந்தியாவின் சிப்லா மருந்தை இறக்குமதி செய்ய மலேசியா உத்தரவு போட்டது. ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு சுமார் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. 2017-இல் ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கான சோபோஸ்புவிர் மருந்தின் முறை வந்தது. அமெரிக்காவில் ஒரு மாத்திரை ஆயிரம் டாலர், முழுச் சிகிச்சை 84,000 டாலர். அதே சட்டப்பிரிவை அன்றைய சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ டாக்டர் ச. சுப்பிரமணியம் கையில் எடுத்தார். அமைச்சரவை முடிவு வந்த சமயத்தில்தான் கிலியட் நிறுவனம் மலேசியாவையும் தன் மலிவு உரிமப் பட்டியலில் சேர்த்தது! அதுவரை நாம் நடுத்தர வருமான நாடு, கொடுக்க வசதி உண்டு என்று ஒதுக்கி வைத்திருந்தவர்கள். 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் அந்தச் சிகிச்சை இலவசம்.

அந்த வேலை அமைச்சர் ஒருவரால் மட்டும் நடந்ததில்லை. நோயாளிகளே கூடி அமைத்த எம்டிஏஏஜி பிளஸ், மலேசிய எய்ட்ஸ் மன்றம், பினாங்கில் இயங்கும் மூன்றாம் உலக இணையம் போன்றவை ஆண்டுக்கணக்கில் தட்டிய கதவு அது. காப்புரிமை உள்ள வெளிநாட்டுக் கம்பெனியை எதிர்த்து நின்ற அரசுக்கு, காப்புரிமையே இல்லாத அம்லோடிபினுக்கு ஓர் உச்சவரம்பு எழுத ஏன் கை வரவில்லை?

சுகாதார அமைச்சும் உள்நாட்டு வாணிப அமைச்சும் 2019 முடிவைத் தூசு தட்டி எடுக்க வேண்டும். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, ஆஸ்துமா ஆகிய நான்குக்கும் அன்றாடம் எழுதித் தரும் மருந்துகளிலிருந்து தொடங்கினால் போதும். நெகிரி செம்பிலான் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கேள்வியாகப் போட வேண்டும். வாசகர்களே, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது பார்வைக் கட்டணத்தையும் மருந்து விலையையும் தனித்தனியாக எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை உங்கள் தொகுதி உறுப்பினரின் சேவை மையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செண்டாயான், நெகிரி செம்பிலான்.