யந்திரம்தானே படிக்கிறது!

'யந்திரம்தானே படிக்கப் போகிறது! அதற்கு எப்படி எழுதினால் என்ன?' என்று ஒரு புதிய சித்தாந்தம் கிளம்பியிருக்கிறது. சொல்கிறவர்கள் கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கும் கெட்டிக்கார இளைஞர்கள். எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

விஷயம் இதுதான். சர்வர் என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருபவர், மேஜையைத் துடைத்துவிட்டு 'என்ன சார் வேணும்?' என்று கேட்பவர். கம்ப்யூட்டர் சர்வருக்கும் ஏறத்தாழ அதே உத்தியோகம்தான். கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது. இவற்றைப் பத்து, நூறு என்று கூட்டமாகச் சேர்த்து வேலை வாங்குகிறார்கள். எது களைத்தது, எது படுத்துவிட்டது என்று இரவு பகலாகப் பார்க்க ஒரு காவல் கருவி வேண்டும். 2012-ல் சவுண்ட்கிளவுட் கம்பெனியில் பிறந்த பிரொமீதியஸ் அப்படிப்பட்டது. அது காட்டிய எண்களை இதுவரை மனிதன் பார்த்தான். இப்போது 'ஏஜெண்ட்' என்கிற செயற்கை அறிவுக் காரியஸ்தன் பார்க்கிறான். கருவியைப் பற்றிய விவரக் குறிப்பைப் படித்துத்தான் எதை எடுப்பது, எப்படி உபயோகிப்பது என்று அவன் தீர்மானிக்கிறான். அந்தக் குறிப்பைத்தான் ஏனோதானோவென்று எழுதலாம் என்கிறார்கள்.

பிரொமீதியஸில் 'அப்' என்று ஓர் அளவு உண்டு. 1 அல்லது 0. '1 என்றால் சர்வர் நலம்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்ததா? 1 என்பதற்கு அர்த்தம், 'போய்க் கேட்டேன், கணக்குக் கிடைத்தது' என்பது மட்டுமே. கணக்குக் கொடுத்தவர் ஆரோக்கியமாக இருக்கிறாரா, ஜன்னியில் கிடக்கிறாரா என்று அது சொல்லாது. இன்னொன்று: இல்லாத ஓர் அளவைக் கேட்டால் பூஜ்யம் வராது, ஒன்றுமே வராது. பிழைகள் இல்லை என்பது வேறு. பிழைகளை எண்ணுகிறவனே இல்லை என்பது வேறு. கூர்க்காவின் விசில் கேட்கவில்லை என்பதற்காக ஊரில் திருடனே இல்லை என்று முடிவு கட்டலாமா? கூர்க்கா தூங்கிப் போயிருந்தால்?

'இதெல்லாம் அந்தக் காரியஸ்தனுக்குத் தெரியுமே' என்பார்கள். பொதுவான விஷயங்கள் தெரிந்திருக்கலாம். ஆனால் உங்கள் கூட்டத்தில் மூன்றாவது சர்வர் ராத்திரி இரண்டு மணிக்கு நகல் எடுக்கும், அப்போது அதற்கு மூச்சு வாங்கும், அந்தச் சமயத்தில் அதை நிறுத்தக் கூடாது என்பது எங்கே எழுதியிருக்கிறது? பழைய ஊழியரின் மண்டைக்குள் எழுதியிருக்கிறது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் ஏஜெண்டை உட்கார வைக்கிறவர்கள், அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டார்களா?

எழுத்தில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் 1979 மார்ச் 28-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அமெரிக்காவில், பென்ஸில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் மூடவேண்டிய ஒரு வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. அறையில் இருந்த விளக்கு அணைந்தது. 'மூடியாயிற்று' என்று ஊழியர்கள் நினைத்தார்கள். விளக்குக்குத் தெரிந்ததோ 'மூடச் சொல்லியாயிற்று' என்பது மட்டும்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் மையத்தில் ஏறக்குறையப் பாதி உருகிப் போயிற்று. சொன்னது வேறு, நடந்தது வேறு என்று விளக்கின் அடியில் எழுதி வைக்க எத்தனை வார்த்தை வேண்டும்?

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஏஜெண்ட் ஒரே சமயத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடியதற்கு எல்லை இருக்கிறது. நீட்டி எழுதினால் காசும் செலவாகும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுருக்கம் வேறு, கஞ்சத்தனம் வேறு. கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் 1971 நவம்பரில் வெளியிட்ட யூனிக்ஸ் கையேட்டின் பக்கங்கள் கட்டுப்பெட்டியான பக்கங்கள். அவற்றிலேயே 'பிழைகள்' என்று ஒரு தலைப்புக்கு இடம் இருந்தது. தாம் செய்த பொருளின் குறையைத் தாமே எழுதி வைத்தார்கள். விளம்பர வாசகங்களை எடுத்துவிட்டால் இன்றைக்கும் அந்த ஒரு தலைப்புக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும்.

நன்றாக எழுதிவிட்டால் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜெண்ட் ஒன்று, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், உபயோகத்தில் இருந்த தகவல் களஞ்சியத்தை அழித்துவிட்டது. ஆகவே எந்தக் கட்டளை பார்க்க மட்டும், எது அழிக்கவும் செய்யும் என்று குறிப்பில் பிரித்து எழுத வேண்டும்; அழிக்கிறதற்குப் பூட்டும் போட வேண்டும். சாவி மனிதன் கையில் இருக்க வேண்டும். அந்தச் சம்பவத்தில் மன்னிப்புக் கேட்டவர் நிறுவனத்தின் தலைவர். ஏஜெண்ட் கேட்டால் அந்த மன்னிப்புக்கு என்ன மதிப்பு?

குறிப்பைப் படிப்பது யந்திரம்தான். அது தப்பாகப் படித்தால் அவதிப்படுகிறவன், பணம் கட்டிவிட்டு ரசீதுக்காகக் காத்து நிற்கிற மனிதன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப்படுகிறவனும் ஒரு மனிதன். அவன் பதறிக்கொண்டு ஓடி வந்து அந்தக் குறிப்பைத் திறக்கும்போது, அது அவனுக்கும் புரிகிற பாஷையில், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அப்படி எழுதச் சோம்பல்படுகிறவர்கள் தயவுசெய்து யந்திரத்தின் மேல் பழி போடாமல் இருக்கட்டும்.