கொலைக்கு முன்பே காவல்

பெருந்திரளான மக்களைக் கொன்று குவிக்கும் கொடுமை, இடிபோல் திடுமென வந்து விழுவதன்று. முதலில் அது சொல்லால் மூட்டப்பெறுகின்றது, பின்பு பட்டியலிடப்பெறுகின்றது, கடைசியிலேயே கையாற் செய்யப்பெறுகின்றது. இத்தனை படிகளைக் கடந்து வரும் ஒன்றை எந்தப் படியிலும் தடுத்தல் இயலாது என்பார், தடுக்கும் மனமில்லாதாரே ஆவர்.

1983-ஆம் ஆண்டுச் சூலைத் திங்களை எண்ணிப் பார்க்க. 23-ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இலங்கைப் படையினர் பதின்மூவர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவே கொழும்பில் தமிழர்தம் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கின. எரித்தவர் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. எது தமிழன் வீடு என்பதை அரசு அச்சிட்ட தாளே காட்டிக் கொடுத்தது. வெலிக்கடைச் சிறையில் 25-ஆம் நாள் 35 தமிழர் கொல்லப்பட்டனர். 27-ஆம் நாள் மேலும் 18 பேர். இடையில் ஒரு முழுநாள் இருந்தும் எஞ்சியோரை அவ்வரசு காக்கவில்லை. குடியரசுத் தலைவர் செயவர்த்தனா நாட்டு மக்களிடம் பேசியது 28-ஆம் நாள்தான். அப்பேச்சிலும் மாண்ட தமிழர்க்கென ஓர் இரங்கற்சொல் இல்லை. வெலிக்கடைக் கொலைகட்காக இற்றைவரை ஒருவரும் ஒறுக்கப்பட்டிலர். ஒறுக்கப்படாத கொலை அடுத்த கொலைக்கு இசைவுச்சீட்டு. 2009-இல் முள்ளிவாய்க்காலில் தமிழினம் கண்டது அதன் விளைவையே.

உலகில் சட்டம் இல்லாமலில்லை. இனப்படுகொலையைத் தடுக்கவும் ஒறுக்கவும் ஆன உடன்படிக்கையை ஒன்றிய நாடுகள் அவை 1948 திசம்பர் 9-இல் ஏற்றது. இலங்கை 1950-இலேயே அதில் சேர்ந்தது. 1994 சனவரியில், உருவாண்டாவில் துட்சி மக்கள் கணக்கெடுக்கப்படுகின்றனர், படைக்கலங்கள் பதுக்கப்படுகின்றன என்று அவையின் படைத்தலைவர் தலாயர் முன்னரே தலைமையகத்துக்கு எழுதினார். அப்படைக்கலங்களைக் கைப்பற்ற அவருக்கு இசைவு தரப்படவில்லை. ஏப்பிரலில் கொலை தொடங்கியபின், அங்கிருந்த காவற்படையை 270 பேராகக் குறைக்க அவை முடிவு செய்தது. வானொலி பகையுணர்ச்சியை நாளும் விதைத்தது. ஏறத்தாழ நூறு நாள்களில் எட்டிலக்கம் பேர் மடிந்தனர். அதன்பின், மக்களைக் காக்கும் பொறுப்பு உலகுக்கு உண்டென்று 2005-இல் நாடுகள் ஒருங்கே உறுதி கூறின. மூன்றே ஆண்டில், 2008 செப்டம்பரில், அவ்வவையின் பணியாளர் வன்னியை விட்டு வெளியேறினர். தன் கடமையில் அவை தவறிற்று என அதன் உள்ளாய்வுக் குழுவே 2012-இல் எழுதியது. எச்சரிக்கை இல்லாமையால் மக்கள் சாகவில்லை. எச்சரிக்கையைக் கேளாமையால் செத்தனர்.

இந்தியாவின் நிலை யாது? 1959-இல் அவ்வுடன்படிக்கையை உறுதிசெய்த இந்நாடு, இனப்படுகொலையைத் தனிக்குற்றமாக்கும் சட்டத்தை இன்றளவும் இயற்றவில்லை. 1984-இல் தில்லியில் சீக்கியர் கொல்லப்பட்ட வழக்கொன்றில், 2018-இல் தில்லி உயர் முறைமன்றம் இக்குறையைச் சுட்டிக் காட்டியது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டச் சட்டத்திலும் அக்குறை நீங்கவில்லை. குழுவன்முறையைத் தடுக்க வரைந்த சட்டமுன்வரைவும் 2014-இல் கைவிடப்பட்டது. பிறர்மேல் மட்டும் பழி சுமத்துதல் தமிழர்க்கும் அறமன்று. 1968 திசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிந்தன. எரித்தவரும் தமிழரே, எரிந்தவரும் தமிழரே. குற்றஞ்சாட்டப்பட்டோரை உயர் முறைமன்றம் விடுவித்தது. கூலி கேட்டவன்மேல் பாய்ந்த சாதிவெறிக்கு அன்று அணையிட ஆளில்லை.

இவை தொலைவிலுள்ள கதைகள் என்று மண்ணரையில் வாழ்வோர் ஒதுக்குதல் கூடாது. இங்குள்ள பின்னலாடைக் கூடங்களில் தமிழனும் பீகாரியும் ஒடியனும் அடுத்தடுத்த தையற்பொறிகளில் அமர்ந்து உழைக்கின்றனர். 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், திருப்பூரில் நிகழ்ந்த சிறு கைகலப்பின் காணொளி ஒன்று, வடவர் தமிழரைத் துரத்தித் தாக்குவதாகப் பரப்பப்பட்டது. மார்ச்சுத் திங்களிலோ, தமிழர் வடவரைக் கொல்வதாக வடபுலத்தில் பொய்க் காணொளிகள் பரவின. அச்சங்கொண்ட தொழிலாளர் ஊர் திரும்ப முற்பட்டனர். ஆயினும் உயிர்ப்பலி நேரவில்லை. ஏன்? தமிழ்நாட்டுக் காவல்துறை உடனே மறுத்துரைத்தது. உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. பொய் பரப்பியோர்மேல் வழக்குகள் பதிவாயின. பீகார் அரசின் அலுவலர் குழு திருப்பூர்க்கே வந்து தொழிலாளரை நேரிற் கண்டது. சொல் என்னும் முதற்படியிலேயே தீ அணைக்கப்பட்டது. கொழும்பு செய்யத் தவறியதைத் திருப்பூர் செய்தது.

வரைமுறையற்ற வடவர் வருகையால் தமிழர்க்குண்டான கவலை பொய்யன்று. கூலி, குடியிருப்பு, வாக்குரிமை, மொழி ஆகிய எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அதனை வழக்காட வேண்டிய இடம் சட்டமன்றம், தொழிற்சங்கம், கூலியைக் குறைக்க ஆளிறக்கும் முதலாளியின் வாயில். பசிக்கு வந்தவனின் குடிசை அதற்குரிய இடமன்று. 1983-க்கு முறை கேட்கும் இனம், அதே தீக்கு இங்கே கொள்ளி எடுத்துக் கொடுக்குமாயின், உலகின் முன் கேட்கும் தகுதியை இழந்து நிற்கும்.

ஆகவே வேண்டுவன இவை: இனப்படுகொலையைக் குற்றமாக்கும் சட்டம், எச்சரிக்கை பெற்றும் வாளாவிருந்த அலுவலரையும் அமைச்சரையும் கூண்டிலேற்றும் விதி, மக்கட் பட்டியல்கள் வன்முறையாளர் கைக்குச் செல்லாக் காப்பு, தொழில் நகர்தோறும் புரளியை அன்றே ஆய்ந்து பன்மொழியில் மறுக்கும் குழு, கொலைசெய்தவன் எவ்வினத்தானாயினும் தப்பாத முறைமன்றம்.

அரசு செய்ய வேண்டியவை இவை. தமிழன் தானே செய்யத்தக்கது ஒன்றுண்டு. கைபேசியில் வரும் பகைச்சொல்லை அடுத்தவனுக்கு அனுப்பாமல் தன்னளவில் நிறுத்துக. படுகொலையின் முதற்படி அங்கேதான் இருக்கின்றது. அதனைத் தகர்க்கப் படை வேண்டா, சட்டமும் வேண்டா, உறுதியான நெஞ்சொன்றே போதும்.