எண்ணம் வட்டி கட்டாது

ஞாயிற்றுக்கிழமை காலை. வட மாவட்ட நகரம் ஒன்றின் கல்யாண மண்டபம். முந்தைய நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டிருக்கிறது. உள்ளே சுமார் இருநூறு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ‘உங்கள் கணக்கில் ஒரு கோடி ரூபாய் இருக்கிறது, தெரிகிறதா?’ என்று மைக் கேட்கிறது. ‘தெரிகிறது’ என்கிறது மண்டபம். பிறகு ஆளுக்கொரு மாதிரிக் காசோலை தருகிறார்கள். அவரவர் பெயருக்கு அவரவரே வேண்டிய தொகையை எழுதி, பர்ஸில் வைத்துத் தினமும் பார்த்துவர வேண்டும். கட்டணம் 2,999 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட.

டீ இடைவேளையில் நம்மிடம் பேசிய பெண்மணி இட்லிக் கடை வைத்திருக்கிறார். கட்டணத்தை மகளிர் குழுக் கடனில் எடுத்துக் கட்டியிருக்கிறார். “கடன்னு மனசால கூட நினைக்கக் கூடாதாம் சார். நினைச்சா அதுதான் வருமாம். புதன்கிழமை காலையில டியூ வாங்க வந்து நிப்பாங்களே, அவங்களை என்னன்னு நினைக்கிறது?” என்றார். கூட்டத்தில் எழுந்து கேட்க அவருக்குக் கூச்சம். அவர் சார்பில் நாம் கேட்கிறோம்.

இது புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. 1937இல், பெருமந்தத்தின் அடி இன்னும் ஆறாத அமெரிக்காவில், நினைத்தாலே செல்வந்தராகலாம் என்று நெப்போலியன் ஹில் எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. 2006இல் ‘தி சீக்ரெட்’ என்ற படமும் புத்தகமும் அதையே ஈர்ப்பு விதி என்ற பெயரில் உலகமெங்கும் கொண்டுபோயின. அந்தக் காசோலைக்கும் ஒரு கதை உண்டு. ஹாலிவுட் நடிகர் ஜிம் கேரி, வாய்ப்பில்லாத காலத்தில் தன் பெயருக்கே ஒரு கோடி டாலருக்குக் காசோலை எழுதி வைத்திருந்ததாக 1997இல் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். கற்பனை செய்துவிட்டு சாண்ட்விச் சாப்பிடப் போய்விட்டால் ஒன்றும் நடக்காது என்றும் அதே பேட்டியில் சொன்னார். மண்டபத்து மேடைகளுக்கு முதல் பாதி மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழில் இந்தப் பேச்சுக்கு மரியாதைக்குரிய ஒரு முன்னோடி இருந்தார். எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ படித்து நிமிர்ந்த ஒரு தலைமுறையே உண்டு. ஆனால் அவர் கண்ணை மூடச் சொல்லி நிறுத்திக்கொண்டவர் இல்லை. மக்கள் சக்தி இயக்கம் கண்டு, இளைஞர்களை ஊருக்குள் இறங்கி வேலை செய்யச் சொன்னவர். இன்றைய கோடீஸ்வரப் பயிற்சியாளர்கள் அவர் படத்தை மேடையில் மாட்டுவது நமக்கு உறுத்துகிறது.

மனம் மாறினால் பணம் வருமா, பணம் வந்தால் மனம் மாறுமா? இதற்கு விடை தேடி ஆராய்ச்சியாளர்கள் வந்து சேர்ந்த இடம் நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புக் காடு. கரும்பு போட்டவருக்கு வருமானம் பெரும்பாலும் வருடத்தில் ஒரே முறை, வெட்டு முடிந்த பிறகுதான். எப்போது வெட்டுவது என்பதும் அவர் கையில் இல்லை. ஆலை வெட்டு உத்தரவு கொடுக்க வேண்டும். ஒருவருக்கு இந்த மாதம் வரும், பக்கத்துக் கொல்லைக்காரருக்கு மூன்று மாதம் கழித்து வரும். ஆகவே, பருவத்தின் விளைவு எது, பணத்தின் விளைவு எது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. 464 விவசாயிகளை வெட்டுக்கு முன்பும் பின்பும் சந்தித்து, யோசிக்கும் திறனையும் கவனத்தையும் சோதித்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் செய்த இந்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது.

வெட்டுக்கு முன்பு 78 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். பின்பு, 4 சதவீதம் பேர். கடன் வைத்திருந்தவர்கள் 99 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்தார்கள். சோதனையிலோ, அதே மனிதர்கள் வெட்டுக்குப் பிறகு தெளிவாக மேலான மதிப்பெண் எடுத்தார்கள். இடையில் எந்தப் பயிற்சி வகுப்பும் நடக்கவில்லை. கரும்புக்குக் காசு வந்தது, அடகில் இருந்த நகை வீட்டுக்கு வந்தது, தலையில் இடம் காலியானது. பணமில்லாதவனுக்குப் புத்தி மட்டு என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவந்தவர்கள், காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்திருந்தார்கள். மேடைக்காரரும் அதே திண்ணைப் பேச்சைத்தான் கோட்டு மாட்டிக்கொண்டு பேசுகிறார்.

நம்பிக்கையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விண்ணப்பம் போடுகிறவனுக்கு வேலை கிடைக்கும் என்ற எண்ணம் வேண்டும். கடை திறக்கிறவளுக்கு நாளைக்கும் ஆள் வரும் என்ற தைரியம் வேண்டும். ஆனால் கனவு வேறு, எதிர்பார்ப்பு வேறு என்று பிரித்துக் காட்டியிருக்கிறார் ஜெர்மானிய உளவியலாளர் கப்ரியேல் ஓட்டிங்கன். படிப்பை முடித்து வேலை தேடிய பட்டதாரிகளை அவர் இரண்டு வருடம் கழித்து மறுபடி விசாரித்தார். வேலை கிடைத்துவிட்டதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் குறைவான விண்ணப்பங்களே போட்டிருந்தார்கள். வேலை வாய்ப்பும் அவர்களுக்குக் குறைவு, சம்பளமும் குறைவு. தன் திறமையை எடைபோட்டு, கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். பாயசத்தை மனசுக்குள்ளேயே குடித்துவிட்டவன் அடுப்பு மூட்ட எழுவதில்லை.

கனவு அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று ஆருத்ரா நிறுவனம் சொன்னபோது, ஒரு லட்சம் பேர் அளவுக்குப் பணம் போட்டார்கள். காவல்துறை வழக்குப்படி வசூல் 2,438 கோடி ரூபாய். அவர்களிடம் எதிர்மறை எண்ணம் கொஞ்சமாவது இருந்திருந்தால், ‘இவ்வளவு வட்டி எங்கிருந்து வரும்?’ என்று மருமகளாவது கேட்டிருப்பார். சந்தேகப்படுகிறவரை ‘நெகடிவ் ஆள்’ என்று வாயடைக்கும் பழக்கம், மோசடிக்காரருக்கு நாமே போட்டுக்கொடுத்த சிவப்புக் கம்பளம்.

நமது தீர்ப்பு இது. இந்த வியாபாரத்தின் உண்மையான குற்றம், பொய்யான வாக்குறுதி மட்டுமில்லை. பணம் வராதபோது பழியைப் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே கட்டுகிறார்களே, அதுதான். மருந்து பலிக்கவில்லையென்றால் மருத்துவரைக் கேட்கலாம், விதை முளைக்கவில்லையென்றால் கடைக்காரரைக் கேட்கலாம். எண்ணத்தை விற்றவரிடம் போனால், ‘நீங்கள் முழுமனதோடு நினைக்கவில்லை’ என்பார். தோற்கவே முடியாத சரக்கு. ஏற்கெனவே கடனில் இருப்பவருக்குக் குற்ற உணர்வையும் சேர்த்து விற்பது அநியாயம். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ‘90 நாளில் கோடீஸ்வரர்’ என்ற சுவரொட்டிகளின் மேல் அந்தச் சட்டம் பாய வேண்டும்.

இன்னொரு தரப்புக்கும் இதில் வசதி இருக்கிறது. கரும்பு ஆலைக்குப் போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. நிலுவைக்காக விவசாயிகள் வருடக்கணக்கில் ஆலை வாசலிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் உட்கார்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர்கள் மனநிலையில் ஒரு குறையும் இல்லை. வர வேண்டிய காசு வரவில்லை, அவ்வளவுதான். ஏழ்மை எண்ணத்தில் இருக்கிறது என்று மக்கள் நம்பத் தொடங்கிவிட்டால் ஆலையையும் அரசையும் கேட்க ஆள் இருக்காது.

இட்லிக் கடைப் பெண்மணி பிறகு தொலைபேசியில் பேசினார். கட்டணத்தில் பாதியாவது திரும்பத் தரமுடியுமா என்று கேட்டுப் பார்த்தாராம். அந்த எண்ணம் வந்ததே அவர் இன்னும் மாறவில்லை என்பதற்கு அடையாளம், இரண்டாம் நிலைப் பயிற்சிக்கு வாருங்கள் என்று பதில் வந்ததாம். கட்டணம் 7,999 ரூபாய்.