முட்டி மோதினால்தான் பிழைக்க முடியுமா?

“நம்ம ரோட்டுல விட்டுக்கொடுத்தா ஏறி மிதிச்சுட்டுப் போயிடுவாங்க. நீயும் முரட்டுத்தனமா ஓட்டினாத்தான் பொழைப்ப.” புதிதாக பைக் எடுக்கும் பிள்ளைக்கு அண்ணனும் மாமாவும் மெக்கானிக்கும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது தவறான பாடம், உயிரை வாங்கும் பாடம். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு: 64,105. இவ்வளவு பேர் விழுந்த பிறகும் அந்தப் பாடத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதைத் தாங்கி நிற்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, காரோட்டியும் பஸ் டிரைவரும் வேண்டுமென்றே நம்மை நெருக்குகிறார்கள் என்ற எண்ணம். சிலர் அப்படிச் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் விபத்துகளை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையிலான தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை தந்தது. வேறொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அந்த வண்டிக்காரர் பைக்குக்கு உரிய வழியை மறித்ததே காரணம். அதே அறிக்கை, பகைமையோடு வேண்டுமென்றே இடிப்பது அரிது என்றும் சொல்கிறது. பெரும்பாலும் நடந்தது, அவர் பைக்கைப் பார்க்கவே இல்லை என்பதுதான். அந்த ஊர் வேறு, காலம் வேறு. மனிதக் கண் மட்டும் இன்றைக்கும் அதேதான். எதிரே வருவது சிறியதாக இருந்தால் அது தொலைவில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் கண் கணக்குப் போட்டுவிடுகிறது. லாரி வந்தால் நிற்கும் கார், பைக் வந்தால் குறுக்கே திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதை ஏற்றுக்கொண்டால் ஓட்டும் விதமே மாறிவிடும். முறைப்பதாலோ ஹாரனை விடாமல் அழுத்துவதாலோ பலன் குறைவு. கண்ணில் படுவதே வேலை. 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் தானாக எரிவது இதற்காகத்தான். சந்திப்பை நெருங்கும்போது எதிர்க்காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். டிரைவர் உங்களைப் பார்ப்பதுபோலத் தோன்றுவதைவிட அந்தச் சக்கரம் உருளத் தொடங்குகிறதா என்பது நம்பகமான செய்தி. பஸ்ஸின் இடப்பக்கம் ஒட்டிப் போகாதீர்கள். அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

அடுத்தது, விட்டுக்கொடுத்தால் ஓரம் கட்டிவிடுவார்கள் என்ற பயம். இதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை நானும் ஏற்கிறேன். சாலையின் இடது விளிம்பில் ஒட்டிக்கொண்டு போவது பாதுகாப்பில்லை. அங்கே மணல் கிடக்கும், நின்ற காரின் கதவு திறக்கும், ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்கும். பின்னால் வருபவருக்கும் மிச்ச இடமெல்லாம் தனக்கே என்று தோன்றும். ஆகவே உங்கள் தடத்துக்குள் நிமிர்ந்து நடுவே போங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் இருவழிச் சாலையில் எதிரே ஒரு பஸ் லாரியை ஓவர்டேக் செய்துகொண்டு லைட் அடித்துக்கொண்டே வருகிறதென்றால், அந்த டிரைவர் முடிவெடுத்துவிட்டார். சட்டம் உங்கள் பக்கம்தான். பத்து டன்னுக்கும் மேற்பட்ட எடை அவர் பக்கம். முன்கூட்டியே பின்னால் ஒரு பார்வை பார்த்து, வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் இறங்க இடம் தேடி வைத்திருப்பவர் கோழை இல்லை. எப்போது இறங்குவது என்பதை அவரே முடிவு செய்கிறார். கடைசி நொடிவரை முட்டி நின்றுவிட்டு மண்ணில் பாய்பவருக்கு அந்த முடிவுகூடக் கையில் இல்லை.

“ஆக்சிலேட்டரை முறுக்கினா தப்பிச்சிடலாம்” என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் விரல் வைக்க ஒரு நொடி என்று கொள்வோம். உலர்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் அதற்குமேல் 20 மீட்டர் தேவை. 40-இல் வருபவர் மொத்தமாக 20 மீட்டரில் நின்றுவிடுகிறார். அவர் நின்ற அதே புள்ளியை 60-இல் வந்தவர் இன்னும் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருப்பார். நகரத்துக்குள் இந்த அவசரத்தால் கிடைப்பது என்ன? பத்து கிலோமீட்டர் தூரத்தைச் சராசரி 30-க்குப் பதில் 35-இல் கடந்தால் மூன்று நிமிடம்கூட மிச்சமாவதில்லை.

பிரேக்கைச் சொன்னதால், நம் ஊரில் வேரோடிப்போன இன்னொரு நம்பிக்கையைத் தொடாமல் போக முடியாது: முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும். இதனால் எத்தனையோ பேர் பின் பிரேக்கை மட்டும் மிதித்துச் சறுக்கிக்கொண்டே போய் மோதுகிறார்கள். ஹர்ட் குழுவும் இதையே பதிவு செய்தது: பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. வேகம் குறையும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. முன் டயர் தரையில் அழுந்திப் பிடிமானம் கூடுகிறது, பின் டயர் இலேசாகிறது. வண்டியை நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்க இருமடங்கு தூரம்கூடத் தேவைப்படலாம். தூக்கி எறிந்த கதைகளெல்லாம் பொய்யில்லை. ஹேண்டில் திரும்பியிருந்தபோது, மணலில், பதற்றத்தில் வெடுக்கென்று பிடித்தவர்களின் கதைகள் அவை. வண்டியை நேராக்கி, எலுமிச்சையைப் பிழிவதுபோல் லிவரை முதலில் மெல்ல, பிறகு அழுத்திப் பிடித்தால் வண்டி நிற்கும். 2019 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். பிடிக்கப் பயப்படும் கைக்கு அதனால் உதவ முடியாது.

“இருபது வருஷமா ஓட்டுறேன், எனக்கென்ன பயிற்சி?” என்பார்கள். இருபது வருடமும் அவசரமாக நிறுத்த வேண்டிய தருணம் சில முறைதான் வந்திருக்கும், அதுவும் பதற்றத்தில் கடந்திருக்கும். செய்து பழகாத ஒன்று வருடக்கணக்கால் கைக்கு வந்துவிடாது. ஹர்ட் ஆய்வில் விபத்துக்குள்ளானவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். தப்பிக்க அவர்களுக்குக் கிடைத்த நேரம் பொதுவாக இரண்டு நொடிக்கும் குறைவு. இரண்டு நொடியில் யாரும் யோசிப்பதில்லை, பழகிய கை எதைச் செய்யுமோ அதுதான் நடக்கும். ஆளில்லாத மைதானமோ புறநகர் லேஅவுட் சாலையோ போதும். ஹெல்மெட் மாட்டி, 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, ஒரே குறியில் திரும்பத் திரும்ப நிறுத்திப் பழகலாம். பள்ளத்தைப் பார்க்காமல் அதற்குப் பக்கத்து வழியைப் பார்த்துத் திருப்பவும் பழகலாம், கண் போகும் பக்கம்தான் வண்டியும் போகும்.

குறுக்கே வெட்டியவரைத் துரத்திப் பிடித்துப் பாடம் புகட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் எதையும் கற்பதில்லை, துரத்துபவரின் கண் சாலையை விட்டுவிடுகிறது. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

முரட்டு டிரைவர்களைத் தண்டிப்பது அரசின் கடமை, அதில் சமரசம் வேண்டாம். அதே அரசு நமக்கு லைசென்ஸ் தரும்போது கேட்பது என்ன? காலை ஊன்றாமல் ஒரு எட்டு. நடக்கும் வேகத்தில் சமநிலை காட்டினால் போதும். பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் தேர்வில் குறைந்தது 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சைகை கிடைத்ததும் கட்டுப்பாட்டோடு அவசரமாக நிறுத்திக் காட்ட வேண்டும். ஆர்டிஓ மைதானத்தில் எட்டோடு அதையும் கேட்கலாம். அதற்கு நீளமான ஒரு நேர்ப்பாதையும் சில கூம்புகளும் போதும்.