அலமாரி வருவதற்கு முன்

தீபாவளிக்குள் சமையலறையைப் புதுப்பித்துவிட வேண்டும் என்று ஆண்டுதோறும் பலர் கிளம்புகிறார்கள். வண்ணம், கைப்பிடி, கல் மேடை என்று பேச்சு நீள்கிறது. அலமாரி வருவதற்கு முன் செய்யவேண்டிய வேலைகள் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. பணமும் முதுகுவலியும் மிச்சமாவது அங்குதான்.

எங்கள் வீவக வீட்டில் இப்போது அந்த வேலைதான் நடக்கிறது. காட்சிக்கூடத்தில் பார்த்த மாதிரிச் சமையலறையில் காப்பிக் கருவிக்கு இடம் இருந்தது, மாவு கிரைண்டருக்கு இல்லை. 10 கிலோ அரிசி மூட்டை, தேக்காவில் வாங்கிய இட்லிப் பானை, மூன்று குக்கர் எல்லாம் நம் வீட்டில் உண்டு என்பது நாம் சொன்னால்தான் வடிவமைப்பாளருக்குத் தெரியும்.

அதனால், அவர் அளவெடுக்க வருமுன்பே பாத்திரங்களை எல்லாம் வரவேற்பறையில் பரப்பினோம். அன்றாடம் எடுப்பவை, வாரம் ஒருமுறை எடுப்பவை, பண்டிகைக்கு மட்டும் இறங்குபவை என மூன்று குவியல். எந்தக் குவியலிலும் சேராதவை வீட்டைவிட்டுப் போயின.

அம்மாவுக்கு 72 வயது, மூட்டுவலி வேறு. அன்றாடக் குவியல் முழுவதும் அவருடைய இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தோம். கிரைண்டரைக் கீழ் அலமாரிக்குள் வைக்கலாம் என்றது வரைபடம். “கீழ வச்சா அப்புறம் கடை மாவுதான், பாத்துக்க” என்றார் அம்மா. கிரைண்டர் மேடைக்கு ஏறியது. அதன் பக்கத்திலேயே ஒரு பிளக் பாயிண்ட்டும் வரைபடத்தில் சேர்ந்தது.

மின்கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரும், எரிவாயுக் குழாய் வேலையை அதற்கென உரிமம் பெற்றவரும்தான் செய்யவேண்டும். இரண்டும் அலமாரிக்கு முன்பே முடியட்டும். பழைய அலமாரியைக் கழற்றியதும் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் கசிவு எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்தபிறகே அடுத்த வேலை. குழாய் நுழையும் ஓட்டைகளைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிட்டால் கரப்பான்பூச்சிக்கு வழியிருக்காது. எரிவாயு வால்வும் தரையிலுள்ள நீர்வடிகாலும் கைக்கு எட்டும்படி இருக்கவேண்டும்.

நாள் குறிக்கும்போது வீவக விதிகளையும் பாருங்கள். ஓடு உடைப்பது, தொடர்ந்து துளையிடுவது போன்ற சத்தமான வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 மணி வரைதான் அனுமதி. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. தீபாவளிக்கு முந்தைய நாளும் கூடாது. ஆக, கடைசி வாரத்தை நம்பவேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இடித்த குப்பையைத் தாழ்வாரத்தில் போடாமல் அகற்றுவது குத்தகையாளரின் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

வேலை நடக்கும் நாள்களுக்கு வரவேற்பறையில் ஒரு மேசை, ரைஸ் குக்கர், மின்சார அடுப்பு, ஒரு டப்பா மசாலா போதும். மற்றவை பெட்டிக்குள் போகட்டும். பெட்டியின்மேல் உள்ளிருப்பதை எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் கடுகு தேடியே ஒரு மாலை போய்விடும்.

முன்பணம் கட்டுமுன் வரைபடத்தை வீட்டில் அதிகம் சமைப்பவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவர் இடம் காட்டிய பிறகு கையெழுத்துப் போடலாம்.