மர்ம நாவலும் மலையகத்து வாசகரும்

சிற்றூர் ஒன்று, அதில் ஒரு காதல், ஒரு கொலை. இவற்றை வைத்து எழுதப்பட்ட தமிழ் நாவல்களுள் வாசகர்கள் இன்றளவும் விடாமல் பேசிக்கொண்டிருப்பது சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த கதை. 1981இல் திரைப்படமாகவும் வந்தது. நாட்டுப் பாடல்களைச் சேகரிக்கத் திருநிலம் என்னும் கிராமத்துக்கு வரும் கல்யாணராமன் என்ற நகரத்து இளைஞன், அங்குள்ள ஜமீன் வீட்டில் தங்குகிறான். வெள்ளி என்ற கிராமத்துப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். ஜமீன்தாரின் பேத்தி சினேகலதா ஊருக்கு வருகிறாள், கொல்லப்படுகிறாள். கொன்றவர் யார் என்பதை, இன்னும் படிக்காதவர்களின் நலன் கருதி, இங்கே சொல்லப்போவதில்லை.

இந்நாவல் பற்றி வாசகர்கள் சொல்லும் கருத்துகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். காதலும் கிராமமும் அருமை, கொலையை அவிழ்க்கும் இடம்தான் அவசரம் என்பது ஒன்று. விறுவிறுப்பான கதைக்கு நாட்டுப் பாடல்கள் வெறும் ஒப்பனை என்பது மற்றொன்று. நகரத்து ஆணின் கண்ணில் தெரியும் கிராமத்துப் பெண்ணே வெள்ளி. வெள்ளியின் கண்ணில் உலகம் எப்படித் தெரிந்தது என்று ஆசிரியர் கேட்கவில்லை என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றாவதே வலுவானது என்பேன்.

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த வாசகர்களிடம் நான்காவதாக ஒரு கருத்தையும் கேட்டிருக்கிறேன். அது கேள்வி வடிவில் வரும்: "இப்படி ஒரு கதை ஏன் நம்முடைய தோட்டத்தில் நடக்கவில்லை?" நாட்டுப் பாடல் நம்மிடமும் உண்டு, அவற்றைத் தேடித் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளையும் நம்மவரே. காதலுக்கும் குறைவில்லை, ஜமீன் வீட்டுக்குப் பதிலாகத் துரை பங்களா இருக்கிறது. பிறகு என்ன தடை?

இதற்கு உடனே ஒரு பதில் வரும். துயரமே வாழ்க்கையாகிப்போன இடத்தில் பொழுதுபோக்குக் கொலைக்கதை எதற்கு? மலையகத்தைப் பற்றி எழுதுவதானால் உழைப்பையும் சுரண்டலையும் அல்லவா எழுத வேண்டும்? பதுளைக்கு அண்மையில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் போன்றோர் அமைத்துத் தந்த பாதை அதுதானே?

இந்தப் பதிலின் பின்னுள்ள அக்கறையை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. முதலாவதாக, தோட்டத்து வாசகர் ஒருபோதும் துயரத்தை மட்டும் படித்தவர் அல்லர். 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் வீரகேசரி பிரசுரமாக நாவல்கள் வந்தன. ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலும் 1974இல் அவ்வாறு வந்ததே. அதே வரிசையில் காதல் கதைகளும் ஜனரஞ்சகக் கதைகளும் இருந்தன. எட்டு மணி நேரம் மலைச்சரிவில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவருக்கு, இரவில் ஒரு மர்மக் கதையைப் படிக்கும் உரிமை இல்லையா? கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவருக்குப் பொழுதுபோக்கு, மலையகத்தவருக்கு மட்டும் பிரச்சினை இலக்கியம் என்று பங்கு பிரிப்பதும் ஒருவகை மேட்டிமைத்தனமே.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. துப்பறியும் கதையை நாம் மலிவாக நினைக்கிறோம். ஆனால் அந்த வடிவத்துக்குள் ஓர் அறம் இருக்கிறது. ஒரே ஒரு மனித உயிர் போனாலும் அதற்குக் காரணம் கண்டறியப்பட வேண்டும்; பொறுப்பாளியின் பெயர் சொல்லப்பட வேண்டும்; அதுவரை கதை முடியாது. சாவுகள் கணக்கில் வராமலே போகும் ஒரு சமூகத்துக்கு இதைவிடத் தேவையான கதை வடிவம் எது?

இனி, தோட்டத்தில் நடக்கும் மர்ம நாவல் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். திருநிலத்து ஜமீன் வீட்டைப் போல ஆளரவமற்ற அறைகள் இங்கில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறை. சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். அங்கே இருமினால் இங்கே கேட்கும். ஒரு பெண்ணின் காதல் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் நேரத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே 'யாருக்கும் தெரியாத இரகசியம்' என்பது லயத்தில் இருக்க முடியாது. இருப்பது வேறு வகை மர்மம். எல்லோருக்கும் தெரியும்; ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஏன் சொல்லமாட்டார்கள்? குடியிருக்கும் அறை தோட்டத்துக்குச் சொந்தம். நாளைய வேலை கங்காணியின் கையில். பொலிஸ் நிலையத்துக்குப் போனாலோ வேறொரு சங்கடம். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதன் பின்னரும், தமிழில் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்து அறிய முடியாத தாளில் ஒப்பம் வாங்கப்படுகிறது என்ற முறைப்பாடு ஓயவில்லை. இத்தகைய இடத்தில் துப்பறிபவரின் வேலை தடயம் தேடுவதன்று. சொல்லத் துணிபவரைத் தேடுவது.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃப், 1913இல் வெளியிட்ட ஆங்கில நாவலில் காட்டோரச் சிங்களக் கிராமம் ஒன்றைக் காட்டினார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் 'பெத்தேகம' என்று படமாக்கினார். ஒரு பெண்மீது கொண்ட ஆசையில் சூழ்ச்சி தொடங்குகிறது. அவளுடைய கணவன் பொய் வழக்கில் சிறை செல்கிறான். இறுதியில் இரு கொலைகள். கொன்றவன் யார் என்பதில் அங்கே மர்மமே இல்லை. அவனை அந்த இடத்துக்குத் தள்ளியது யார், எது என்பதே கேள்வி. நீதிமன்றத்தில் தன்னைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்றே புரியாமல் நிற்கும் அந்தக் கணவனை, நம் தோட்டத்து வாசகர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

'எல்லோருக்கும் தெரியும்' என்ற சொல்லுக்கு ஊவாவில் இன்னொரு பெயரும் இருக்கிறது: மீரியபெத்த. கொஸ்லந்தையை அடுத்த அந்தத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. இறந்தோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே முதல் நாட்களில் மாறி மாறி வந்தது. பல உடல்கள் மீட்கப்படவே இல்லை. அந்த இடம் குடியிருப்புக்கு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மலை இரகசியமாக வரவில்லை. ஆயினும், எச்சரிக்கைக் கடிதத்துக்கும் அந்தக் காலைப் பொழுதுக்கும் இடையில் யார் யார் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்ற கடைசி அத்தியாயம் இன்னும் எழுதப்படவில்லை.

மண்சரிவை மர்மக் கதையாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இறந்தோரை அவமதிப்பதாகிவிடும். ஒரு பெண்ணின் சாவுக்குப் பெயரும் காரணமும் கேட்டுப் பழகிய வாசகர், பலருடைய சாவுக்கும் அதையே கேட்பார் என்றுதான் சொல்கிறேன். 'மழை பெய்தது, மலை சரிந்தது' என்ற இரண்டு வரியோடு அவர் புத்தகத்தை மூடமாட்டார்.

ஆகவே, பதுளைப் பக்கத்து இளம் எழுத்தாளர் எவரேனும் தேயிலை மலையில் ஒரு காதலையும் ஒரு கொலையையும் வைத்து எழுதத் தொடங்கினால், "இதுவெல்லாம் நமக்கெதற்கு?" என்று தடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் அவரிடம் கேளுங்கள். திருநிலத்து வெள்ளிக்குக் கிடைக்காத வாய்ப்பை உங்கள் கதைப்பெண்ணுக்குக் கொடுப்பீர்களா? கொழுந்துக் கூடையோடு மலையேறும் அவள், தான் பார்த்ததைத் தன் மொழியில் சொல்வாளா? சொல்வாள் என்றால் எழுதுங்கள். வாங்கிப் படிக்க முதல் ஆளாக நான் இருக்கிறேன்.